சலவை ஆலைச் சாவடியின் ஒற்றை ஓட்டு

உங்கள் பிள்ளையின் உச்சந்தலையில் கைவைத்து, யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று சத்தியம் செய்யச் சொன்னால் செய்வீர்களா? கேட்பவர் உங்கள் மேலதிகாரி. அறைக் கதவு சாத்தியிருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் வீடு, உங்கள் கணவன் ஓட்டும் வண்டி, நீங்கள் பார்க்கும் வேலை எல்லாம் அவருடைய முதலாளிக்குச் சொந்தம். தேர்தலில் நின்று வென்றவரும் அதே முதலாளிதான். வீறாப்பாகப் பதில் சொல்ல வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள்.

சலவை ஆலையில் விரிப்பு மடிக்கும் மடிப்புக்காரியிடம் அப்படித்தான் கேட்டார்கள். அவள் சத்தியம் செய்தாள். செய்தது பொய்ச் சத்தியம்.

அவள் தைரியசாலி இல்லை. பிறந்த வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயரே பயந்தாங்கொள்ளி. கதவு காற்றில் அடித்துக்கொண்டால் திடுக்கிடுவாள். கடையில் மீதிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தால் கேட்கமாட்டாள். வாசல் தாண்டி வந்து, கேட்டிருக்கலாமே என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வாள். கல்யாணமாகி இந்தச் சலவை ஆலைக் குடியிருப்புக்கு வந்தபோது, புருஷன் வண்டி எடுத்துக்கொண்டு போய்த் திரும்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்பாள் என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்தார்கள். அவன் ஆலையின் துணி வண்டியை ஓட்டுபவன். மருத்துவமனைகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் அழுக்கு விரிப்புகளை மூட்டையாக அள்ளி வருவான், வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பான். பாம்பும் சாகக்கூடாது, கம்பும் உடையக்கூடாது என்று வாழ்கிற மனிதன்.

அவளுக்கு மடிப்புப் பகுதியில் வேலை. சூட்டு உருளையிலிருந்து விரிப்பு வெளியே வரும்போது அப்பளம்போலச் சுடும். ஒருத்தி இந்த இரண்டு முனை, இன்னொருத்தி அந்த இரண்டு முனை. இழுத்து உதறி, நீளவாக்கில் மடித்து, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரவேண்டும். முனையோடு முனை சேர்த்துக் கொடுக்கிற அந்த நொடியில் இருவர் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருக்கும். பிறகு விலகி அடுத்த விரிப்பு. நாள் முழுக்க இதே நடை. இயந்திரங்கள் போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அந்த ஒரு சாண் தூரத்தில் சொல்வது மட்டும் கேட்கும். ஆகவே மடிப்புப் பகுதியில் எந்தப் பேச்சும் ஒரு விரிப்புக்கு ஒரு வாக்கியம் என்றுதான் நடக்கும்.

எதிர்முனையில் நிற்பவள் அவளுடைய ஓரகத்தி, புருஷனுடைய அண்ணன் மனைவி. இரண்டு பேருக்கும் ஆகாது. மூத்தவளுக்கு வாய் நீளம். இளையவளின் சமையல், நடை, பயம் எல்லாமே அவளுக்குக் கிண்டல். வீட்டில் ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பது அபூர்வம். ஆனால் வேலையில் கை பழகிப்போயிற்று. மூத்தவள் உதறும் வேகத்துக்கு இளையவளால்தான் ஈடுகொடுக்க முடியும். பேசாமல் மாதக்கணக்கில் மடித்திருக்கிறார்கள்.

இனி ஓட்டுக்கு வருவோம். முதலாளி அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். போன தடவையும் அவர்தான், அதற்கு முந்தின தடவையும் அவர்தான். ஒவ்வொரு தேர்தலிலும் குடியிருப்புக்குத் தனிக் குடிநீர்க் குழாய் போடுவதாகச் சொல்வார். குழாய் வரவில்லை. வந்த தண்ணீரில் வெளுப்பு மருந்தின் நெடி அடித்தது. மடிப்புக்காரியின் மகளுக்கு, இரண்டாம் வகுப்புப் படிக்கிற சின்னப் பெண்ணுக்கு, குளித்தால் கைமுட்டியிலும் கழுத்திலும் தோல் வெடித்துவிடும். களிம்பு வாங்கப் போன இடத்தில் மருந்துக்கடைக்காரர் சொன்னார், களிம்பை மாற்றி மாற்றித் தடவிப் பயனில்லை, தண்ணீரை மாற்ற வேண்டும் என்று. அந்த வருஷம் அவர்தான் முதலாளியை எதிர்த்துத் தேர்தலில் நின்றார்.

குடியிருப்புக்கென்று ஒரு வாக்குச்சாவடி. ஆலையின் சாப்பாட்டுக் கூடத்திலேயே பெட்டி வைத்திருந்தார்கள். மறைப்புக்குப் பின்னால் நின்று மடிப்புக்காரி ஓட்டுச் சீட்டை விரித்து வைத்தாள். முத்திரையை எடுத்தாள். முதலாளியின் சின்னத்துக்கு மேலே கை கொஞ்சம் நின்றது. பிறகு தானாகவே கீழே நகர்ந்து மருந்துக்கடைக்காரரின் சின்னத்தில் அழுத்திவிட்டது. வெளியே வந்து, வியர்த்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் செய்த முதல் காரியம் அது.

முதலாளி ஜெயித்தார். சாவடிவாரியாக எண்ணிக்கையை அறிவித்தபோது சலவை ஆலைச் சாவடியில் அத்தனை ஓட்டும் அவருக்கு, ஒன்றே ஒன்று மட்டும் மருந்துக்கடைக்காரருக்கு.

வெற்றி விருந்தை அதே சாப்பாட்டுக் கூடத்தில் வைத்தார்கள். முதலாளி நல்ல மனநிலையில் இருந்தார். "நம்ம வீட்டுக்குள்ளேயே என்னைப் பிடிக்காத ஒரு ஆள் இருக்காங்க போல. யாருன்னு தெரிஞ்சா கை குலுக்கணும்" என்றார். கூடமே சிரித்தது. மடிப்புக்காரியும் சிரித்தாள். ஒன்று என்றால் அது தன்னுடையதுதான். இத்தனை பேர் நடுவில் தான் ஒருத்தி மட்டும் துணியின்றி நிற்பதுபோல இருந்தது அவளுக்கு. பக்கத்தில் புருஷன் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

முதலாளி சொன்னது வெறும் வேடிக்கைப் பேச்சு. அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டவர் மேற்பார்வையாளர். பேசும்போது பல்லிடுக்கில் காற்று சீறும் என்பதால் தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் நீராவி. எசமான் தும்மினால் தனக்குச் சளி பிடித்துக்கொள்கிற ஜாதி. அந்த ஒற்றை ஓட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் மேலாளர் நாற்காலி தனக்குத்தான் என்று கணக்குப் போட்டார். குடும்பம் குடும்பமாகத் துணிக் கிடங்குக்குக் கூப்பிட்டார். பிள்ளையையும் கூட்டி வரச் சொன்னார். அடிக்கவில்லை, மிரட்டவில்லை. "சும்மா ஒரு வார்த்தை. பிள்ளை தலையில கையை வச்சு, முதலாளிக்குத்தான் போட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருங்க" என்றார்.

ஓட்டு ரகசியம் என்று சட்டம் சொல்கிறது. சட்டத்தின் பூட்டை உடைக்க அவருக்குக் கடப்பாரை தேவைப்படவில்லை. ஆயிரம் ஆண்டுகளாக மனிதன் தலைக்குள் ஏற்றி வைத்த ஒரு மூடநம்பிக்கை போதுமாயிருந்தது. வார்த்தை பொய்யானால் பிள்ளை சாகும் என்று நம்புகிற தாயிடம் எந்தக் காவல்காரனும் வேண்டாம். அவள் நம்பிக்கையே அவளுக்கு விலங்கு.

புருஷன் முதலில் கையை வைத்தான், சொன்னான். அவனுக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை. அடுத்தது மடிப்புக்காரி. மகளின் தலைமுடியில் எண்ணெய் தேய்த்து வாரியிருந்தது. உள்ளங்கையில் அந்தச் சூடு பட்டதும் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் வீடு போகும், இரண்டு பேர் வேலையும் போகும், பிள்ளை தெருவில் நிற்கும். சொல்லாவிட்டால் பிள்ளையே போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நடுவில் அந்தச் சின்னத் தலை. "முதலாளிக்குத்தான் போட்டேன்" என்றாள். குரல் யாரோ பேசியதுபோல இருந்தது.

அந்த வாரம் மகளுக்குக் காய்ச்சல் வந்தது.

பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல்தான். அது மடிப்புக்காரியின் கண்ணில் படவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தன் கை, தன் வாய், அந்தத் தலை. பிள்ளை இருமும்போதெல்லாம் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். மருந்துக்கடைக்குப் போகவும் பயம். அங்கே போவதை யாராவது பார்த்தால்? புருஷனை வேறு கடைக்கு அனுப்பினாள். விரிப்பின் முனைகள் கோணலாக விழ ஆரம்பித்தன.

ஓரகத்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் முற்பகல், முகம் அருகில் வந்த நொடியில் கேட்டாள்.

"என்னடி, பிணத்துக்குப் போர்த்தற மாதிரி மடிக்கிற?"

விலகினார்கள். உதறினார்கள். மறுபடி நடந்து வந்தார்கள்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் விடல அக்கா."

அடுத்த விரிப்பு.

"ஊருக்கே காய்ச்சல். நீ ஏன் செத்துப்போற?"

அடுத்த விரிப்பில் மடிப்புக்காரி முனையை மட்டும் சேர்த்துக் கொடுத்தாள். அதற்கடுத்ததிலும் அப்படியே. மூன்றாவதில் அவளுக்கே தெரியாமல் வாய் திறந்துவிட்டது. "நான் பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன்கா."

சொன்ன மறுகணம் காலடியில் தரை இல்லை. யாரிடம் சொல்லிவிட்டோம்! வாய் நீளமான ஓரகத்தி, நீராவியிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். விலகி நடக்கும்போது எதிரில் இருப்பவளின் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. குழம்பிப்போன முகம். மூத்தவள் விரிப்பை உதற மறந்து நின்றாள். பின்னால் உருளையிலிருந்து அடுத்தது வந்து குவிந்தது.

மறுபடி அருகில் வந்தார்கள்.

"ஓட்டு ஒண்ணுதானடி?"

"ஒண்ணுதான். அது நான் போட்டதுதான்."

அடுத்த விரிப்பு.

"அது எப்படி? அது நான்ல போட்டேன்."

மடிப்புக்காரியின் கையிலிருந்து முனை நழுவியது. குனிந்து எடுத்தார்கள், இருவரும் ஒரே நேரத்தில். குனிந்த இடத்தில் ஓரகத்தி அவசர அவசரமாகச் சொன்னாள். அவளும் மருந்துக்கடைக்காரருக்குத்தான் போட்டிருக்கிறாள். அந்த ஒற்றை ஓட்டு தன்னுடையது என்றுதான் இத்தனை நாளும் உள்ளுக்குள் வெந்திருக்கிறாள். அவளும் மகன் தலையில் கைவைத்துப் பொய் சொல்லியிருக்கிறாள்.

"என் மகனைப் பாரு, காய்ச்சலாவது தலைவலியாவது. ரெண்டு தட்டு தின்னுட்டு மூணாவது கேக்கறான். சத்தியம் கொல்லும்னா என் பிள்ளையை ஏன் விட்டுச்சு? அவனுக்குச் சலுகையா?"

எந்தத் தத்துவ நூலும் அந்த நொடியில் மடிப்புக்காரிக்கு அத்தனை தெளிவைக் கொடுத்திருக்க முடியாது. ஒரே பொய், ஒரே மாதிரி இரண்டு தலை. ஒன்று காய்கிறது, ஒன்று தின்கிறது. அப்படியானால் காய்ச்சலுக்கும் வார்த்தைக்கும் சம்பந்தம் இல்லை. நெஞ்சில் கிடந்த பாறாங்கல் கொஞ்சம் நகர்ந்தது.

நகர்ந்த இடத்தில் அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது. இரண்டு பேர் போட்டது எப்படி ஒன்றாகும்?

அன்று சாயங்காலம் இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிவரப் போவதுபோலப் போய், மருந்துக்கடைக்குள் நுழைந்தார்கள். உள்ளே முதலில் மடிப்புக்காரி கேட்டது காய்ச்சல் மருந்துதான். பிறகு ஓரகத்தி விஷயத்தைச் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எண்ணும் அறையில் தன் சார்பில் ஒருவர்கூடக் கடைசிவரை இருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். இருந்த ஒருவரும் நெரிசல் என்று வெளியே அனுப்பப்பட்டாராம். மறு எண்ணிக்கை கேட்கலாம், ஆனால் தோற்றவன் புலம்பல் என்பார்கள். ஓட்டுப் போட்டவர்களே வந்து சொன்னால் அதிகாரி தட்டிக்கழிக்க முடியாது. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று சொல்லும்படி உங்களை எவரும் வற்புறுத்த முடியாது, நானும் வற்புறுத்தமாட்டேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் கையும் நடுங்கியதை மடிப்புக்காரி கவனித்தாள். படித்தவருக்கும் நடுங்குகிறதே என்று அவளுக்குக் கலவரமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவன் வண்டிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"போறதுன்னா போ. எப்போ போறேன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத. கேட்டா தெரியாதுன்னு சொல்லணும்ல" என்றான். கொஞ்சம் கழித்து, "பாப்பாவை நான் பாத்துக்கறேன்" என்றான்.

தேர்தல் அலுவலகத்தில் நீளமான நடைபாதை. பெஞ்சில் காத்திருந்தபோது கடந்துபோன ஒவ்வொரு செருப்புச் சத்தமும் நீராவியுடையதாகவே கேட்டது மடிப்புக்காரிக்கு. எழுந்து ஓடிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தாள். இரண்டாம் தடவை ஓரகத்தி அவள் புடவைத் தலைப்பைத் தன் தலைப்போடு முடிச்சுப் போட்டுவிட்டாள். "இப்ப ஓடு பாப்போம். ஓடினா என்னையும் இழுத்துக்கிட்டுத்தான் ஓடணும்" என்றாள். கூப்பிட்டபோது முடிச்சை அவிழ்க்க நேரமில்லாமல் அப்படியே உள்ளே போனார்கள்.

அதிகாரி பெண். அதிகம் பேசவில்லை. சொன்னதை எழுதிக்கொண்டாள். அந்த ஒரு சாவடியின் ஓட்டுச் சீட்டுக் கட்டுகளை மட்டும் திறந்து எண்ண உத்தரவிட்டாள்.

திறக்கும் நாளில் முதலாளியின் வக்கீலும் வந்தார். "இதுல உங்க ஓட்டு எதும்மா? எடுத்துக் காட்டுங்களேன்" என்று மடிப்புக்காரியைப் பார்த்துச் சிரித்தார். எல்லாச் சீட்டிலும் விழுந்தது ஒரே முத்திரைதான். எடுத்துக் காட்ட முடியாததால்தான் அது ஓட்டு என்று அதிகாரி வக்கீலுக்குச் சொல்லி, கட்டைப் பிரிக்கச் சொன்னாள்.

முதலாளியின் பெயர் எழுதிய கட்டு. மேலே இருந்த சீட்டுகள் அவருக்கு விழுந்தவை. கீழே இருந்தவையும் அப்படியே. நடுவிலிருந்து மருந்துக்கடைக்காரரின் சின்னம் வர ஆரம்பித்தது. ஒன்று, இன்னொன்று, பிறகு தொடர்ந்து. ஆலையில் கறை போகாத விரிப்புகளை ஓட்டலுக்கு அனுப்பும்போது மேலும் கீழும் வெள்ளையாக ஒன்று வைத்துக் கட்டச் சொல்வார் நீராவி. ஓரகத்தி மெல்ல, "நம்ம ஓட்டல் கட்டுடி இது" என்றாள். ஒன்றே ஒன்றை எதிராளிக்கு விட்டுவைத்தது, எண்ணும் அறையில் முதலாளியின் ஆளாக இருந்த அவருடைய மைத்துனர் என்று பிறகு தெரிந்தது. முழுதும் ஒருவருக்கே விழுந்தால் எவரும் நம்பமாட்டார்கள் என்று, குழந்தையின் கன்னத்தில் கரும்பொட்டு வைப்பதுபோல ஒன்றை வைத்திருக்கிறார். அந்தச் செய்தியை நீராவிக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். சொல்லியிருந்தால் அவர் வேட்டைக்குக் கிளம்பியிருக்கமாட்டார். விசுவாசம் அளவுக்கு மீறினால் அதுவே எசமானின் கழுத்துக்குக் கயிறு.

எண்ணி முடித்தபோது சலவை ஆலைச் சாவடியில் முதலாளி தோற்றிருந்தார்.

மடிப்புக்காரி எண்ணிக்கையைக் கேட்கவில்லை. சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொதிகலன் பார்ப்பவன், தையல் பிரிவுக் கிழவர், நீராவிக்குத் தினமும் முதல் வணக்கம் வைக்கும் வாயில்காப்போன், இதில் யார் யாருடையது இருக்கிறதோ. அந்த ஒற்றை ஓட்டு தன்னுடையது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நடுங்கியிருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட குடியிருப்பு பிள்ளை தலையில் கைவைத்துப் பொய் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்காரனுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்திருக்கிறது. பிள்ளைகளில் ஒன்றும் சாகவில்லை. அவள் மகளும் எழுந்து விளையாடத் தொடங்கியிருந்தாள், மருந்து சாப்பிட்டதால்.

இங்கே முடித்தால் கதை இனிக்கும். ஆனால் நடந்தது அதோடு முடியவில்லை. ஒரு சாவடி போனதால் முதலாளியின் பதவி போகவில்லை. தொகுதியில் மற்றச் சாவடிகளின் கட்டுகள் அரக்கு முத்திரையோடு கிடக்கின்றன. அங்கே ஓட்டுப் போட்டவர்கள் வந்து கேட்டால்தான் திறக்க முடியும் என்கிறாள் அதிகாரி. ஓரகத்தியர் இருவரையும் ஆலைக்குள் விடவில்லை. புருஷனின் வண்டியை வேறு ஒருவன் ஓட்டுகிறான். வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்துபோகிறான். கதவு தட்டும்போதெல்லாம் மடிப்புக்காரி இன்னும் திடுக்கிடுகிறாள். மற்றச் சாவடிகளிலிருந்து யாராவது வந்தார்களா என்று தினம் ஒரு தடவை ஓரகத்தியிடம் கேட்கிறாள். இதுவரை எவரும் வரவில்லை.

அந்தச் சாவடிகளில் ஒன்று உங்களுடையதாக இருக்கலாம். தைரியம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவளுக்கு அது வரவே இல்லை, நடுங்கிக்கொண்டேதான் போனாள். நாளைக் காலையில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உங்கள் சாவடியில் அறிவித்த எண்ணிக்கையைச் சொல்லி, இது சரியாக இருக்குமா என்று மட்டும் கேளுங்கள். அவர் முகம் மாறினால், இரண்டு பேருமாகக் கிளம்பி அந்தத் தேர்தல் அலுவலகத்துக்குப் போங்கள்.